பழைய இன்ஜினும் கம்பி விமானமும்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை ஒன்றில் ஓ.எஸ். மேக்ஸ் 25 எஃப்.பி. என்ற மாடல் விமான இன்ஜின் பார்த்தேன். ரேடியோ விமானத்தில் ஓடியது, கார்புரேட்டர், சைலன்சர் எல்லாம் இருக்கிறது. கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் கன்ட்ரோல் லைன், அதாவது கையில் பிடித்த கம்பியில் வட்டமாகச் சுற்றும் மாடல் விமானம், பறக்கவிட்டவன் நான், மறுபடி தொடங்க ஆசை. வாங்கலாமா? கம்பி விமானத்துக்கு மாற்றுவது கஷ்டமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: வாங்கலாம் தம்பி. 4 சி.சி. இன்ஜின், கன்ட்ரோல் லைனுக்கு அருமையான அளவு. ஆனால் பணத்தை எடுக்கும் முன் அதைக் கையில் வாங்கிப் பாருங்கள். குத்துவிளக்கு மாதிரி பளபளப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பழுப்பேறிக் கிடக்கும் இன்ஜின் உள்ளே நன்றாக இருக்கும், தேய்த்துப் பளிச்சென்று வைத்தது உள்ளே தேய்ந்திருக்கும்.

பிளக்கைக் கழற்றி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பிளக்கைத் திரும்பப் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் மேலே வரும்போது எதிர்த்து நிற்க வேண்டும், உஸ்ஸென்று காற்று கசிந்து தளர்ந்துவிட்டால் யோசியுங்கள். இங்கே பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. அலுமினியப் பிஸ்டனும் முலாம் பூசிய பித்தளை லைனரும் (பிஸ்டன் ஓடும் உள்குழாய்) உள்ள இன்ஜின், குளிர்ந்திருக்கும்போது உச்சியில் இறுகிப் பிடிக்கும், ஏனென்றால் லைனர் மேலே சற்றுக் குறுகலாகத்தான் கடையப்பட்டிருக்கும், சூடானால் சரியாகிவிடும். அதைக் கோளாறு என்று நினைத்து வைத்துவிட்டு வராதீர்கள், அந்தப் பிடிப்பு இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால்தான் தேய்ந்த இன்ஜின்.

அப்புறம் பிஸ்டனை உச்சிக்குப் பக்கத்தில் நிறுத்தி, புரொப்பெல்லர் மாட்டும் இடத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் லேசாக அசையுங்கள். பிஸ்டன் நகரும் முன்பே டக் டக் என்று ஆட்டம் கொடுத்தால் கனெக்டிங் ராடு தேய்ந்திருக்கிறது. இந்த மாடலில் முன்பக்கம் பால் பேரிங் கிடையாது, புஷ்தான் (குண்டுகள் இல்லாத வெறும் உலோக வளையம்), அதனால் ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடுகிறதா என்று மட்டும் பாருங்கள். பேரிங் உள்ள வேறு இன்ஜின் கிடைத்து, சுற்றும்போது மணல் அரைபடுவது போல இருந்தால் பயப்பட வேண்டாம், மெத்தனால் ஈரத்தை இழுப்பதால் வருகிற துருதான் அது. பேரிங் கடையில் நம்பர் சொன்னால் பெரும்பாலும் கிடைத்துவிடும். பிளக் மறை போயிருந்தாலோ மவுன்ட் காது உடைந்திருந்தாலோ வாங்கவே வாங்காதீர்கள்.

மாற்றும் வேலை சின்னதுதான். ரேடியோ விமானத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கத்தான் கார்புரேட்டர். நமக்கு ஒரே வேகம், ஆகவே அதற்குப் பதில் காற்று நுழையும் ஒரு வெஞ்சுரிக் குழாயும், குறுக்கே எரிபொருளை விடும் ஸ்ப்ரே பாரும், அதன் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வும் போதும். பழைய கார்புரேட்டரின் கழுத்தை வெர்னியரில் அளந்து கொடுத்தால் நல்ல லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து தருவார்கள். உள் துளைதான் முக்கியம். 4 மி.மீ. ஸ்ப்ரே பார் குறுக்கே போனால் 6.5 மி.மீ.யில் தொடங்குங்கள், சக்தி போதாவிட்டால் 7 வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கலாம். பெரிதாகக் கடைந்துவிட்டால் திருப்பிச் சின்னதாக்க வழியில்லை, எரிபொருளை உறிஞ்சும் பலமும் போய்விடும், விமானம் மூக்கைத் தூக்கும்போது இன்ஜின் மூச்சு வாங்கும். ஸ்ப்ரே பாரின் துளை கீழே கிராங்கைப் பார்த்து இருக்கட்டும், வெஞ்சுரியைச் சுற்றிக் காற்று நுழையாதபடி ஓ-ரிங் போடுங்கள்.

ஆனால் லேத்துக்குப் போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கார்புரேட்டரை முழுதாகத் திறந்தபடியே ஒரு கெட்டியான பலகையில் இன்ஜினைப் பூட்டி ஓட்டிப் பாருங்கள். நல்ல இன்ஜின்தான் என்று தெரிந்த பிறகு செலவு செய்யலாம். வைஸில் கிராங்க் பெட்டியைக் கவ்வி ஓட்டாதீர்கள், கோணிவிடும். கார்புரேட்டரை மாற்றாமல், திறந்தபடி கம்பியால் கட்டியே பறக்கவிடுகிறவர்களும் உண்டு, சைலன்சர் அழுத்தத்தை டேங்குக்குக் கொடுத்தால் ஓடவும் ஓடும், எனக்கு அது பிடிப்பதில்லை. கட்டு அதிர்வில் நழுவுகிறது, ஊசியை ஒரே இடத்தில் நிறுத்த முடிவதில்லை.

புரொப்பெல்லர் 9க்கு 4 அல்லது 9க்கு 5 (அங்குலத்தில், முதல் எண் விட்டம், அடுத்தது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்). டேங்கின் நடு உயரமும் ஸ்ப்ரே பாரும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், உறிஞ்சும் குழாய் டேங்கின் வெளிப்பக்கப் பின்மூலையில் முடிய வேண்டும், ஏனென்றால் வட்டத்தில் சுற்றும்போது எரிபொருள் அங்கேதான் ஒதுங்கும். 18 மீட்டர் கம்பியில் ஒரு சுற்றுக்கு ஐந்து, ஐந்தரை வினாடி வந்தால் பழகுவதற்கு அருமையாக இருக்கும்.

கேள்வி: எங்கள் ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் ஒரு மாடல் இன்ஜின் கிடைத்தது. சுற்றவே மாட்டேன் என்கிறது. துரு தெரியவில்லை, பழுப்பாகப் பிசின் மாதிரி இருக்கிறது. சுத்தியலால் லேசாகத் தட்டலாமா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: தட்டாதீர்கள், தயவுசெய்து. அது காய்ந்துபோன விளக்கெண்ணெய். எரிபொருளில் கலந்த விளக்கெண்ணெய் பல வருடம் கிடந்தால் அரக்கு மாதிரி இறுகிவிடும். பலவந்தமாகத் திருகினால் வளைவது கனெக்டிங் ராடுதான். ஒரு நாள் மெல்லிய எண்ணெயில் ஊறவிட்டு, முடி உலர்த்தும் கருவியால் தலைப்பக்கத்தை நன்றாகச் சூடாக்கி, துணி சுற்றிப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள், ஒரு நேரத்தில் இளகும். வெளியே படிந்த பழுப்புக்கு, பிரித்த உலோகப் பாகங்களைக் கார் கூலன்ட்டில் மிதமான சூட்டில் சில மணி நேரம் வைத்தால் புதுசு மாதிரி வரும். கூலன்ட் விஷம், அதற்கென்று ஒரு பாத்திரம் ஒதுக்குங்கள், அது திரும்ப அடுப்படிக்குப் போகக்கூடாது, பிள்ளைகள் இல்லாத இடத்தில் செய்யுங்கள். ஐயா தொட்டு ஓட்டிய இன்ஜின், ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

கேள்வி: எரிபொருளை வீட்டிலேயே கலக்கலாமா? கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பறக்கவிடலாமா? (வாசகி, பள்ளத்தூர்)

பதில்: நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) இல்லாமல் எண்பது பங்கு மெத்தனால், இருபது பங்கு சுத்தமான விளக்கெண்ணெய் என்பது பழைய, நம்பகமான கலவை. ஆனால் அம்மா, தமிழ்நாட்டில் மெத்தனாலை உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. 2023ல் மரக்காணத்திலும் 2024ல் கள்ளக்குறிச்சியிலும் அத்தனை உயிர்களைக் குடித்தது இதே மெத்தனால்தான். கடையில் கலந்து வரும் மாடல் எரிபொருளிலும் இருப்பது மெத்தனால்தான் என்பதை மறக்க வேண்டாம். அனுமதி உள்ள கிளப் அல்லது என்.சி.சி. பிரிவு வழியாகப் போங்கள், பூட்டி வையுங்கள், குடிநீர் பாட்டிலில் ஒருநாளும் ஊற்றாதீர்கள். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. வழி அமையவில்லையென்றால் மின் மோட்டாரில் பறக்கவிடுங்கள், கம்பியின் சுகம் அதிலும் உண்டு.

ஓடுதளம் போர்க்காலத்தில் போட்டது, விமான ஆசை உள்ள நமக்கு அந்த இடத்தைப் பார்த்தாலே உள்ளே ஏதோ செய்யும். இருந்தாலும் எழுத்தில் அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். பள்ளி மைதானமோ, கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாயோ போதும், வெடிப்பு நிலத்தில் சக்கரம் ஓடாது, ஆகவே கையால் ஏவுங்கள். எங்கே பறந்தாலும் மின்கம்பி பக்கத்தில் இருக்கவே கூடாது. நம் கையில் இருப்பது எஃகுக் கம்பி, மேலே உரசினால் மின்சாரம் நேரே கைப்பிடிக்குத்தான் வரும். பறக்கும் முன் விமானத்தின் எடையைப் போல பத்து மடங்கு விசையில் கம்பியை இழுத்துச் சோதியுங்கள், கைப்பிடியை மணிக்கட்டோடு வாரால் கட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை வட்டத்துக்கு வெளியே பத்து மீட்டராவது தள்ளி உட்கார வையுங்கள்.