முத்தடுப்பூசி போட்டால் ஏன் காய்ச்சல்?

ஒன்றரை வயது மகளுக்குக் குன்னூரில் முத்தடுப்பூசி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றுக்குமான ஊசி) போட்டதும் காய்ச்சல் வந்தது, கிருமியின் வெளிச்சவ்வுதான் காரணமா என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் ஆமாம். அரசு ஊசியில் உள்ள கக்குவான் பகுதி, கொல்லப்பட்ட முழு பாக்டீரியா. அதன் வெளிச்சவ்வில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருளைக் கண்டதும் உடல் சூடாகிறது. உங்கள் ஊர் பாஸ்டர் நிறுவனம் பல காலம் தயாரித்த ஊசிதான் இது. ஓரிரு நாளில் தணியும். தணியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது அந்தச் சவ்வு உதிர்க்கும் குமிழ்கள். சுமார் 20 முதல் 250 நானோமீட்டர்தான். அவற்றால் பெருக முடியாது, ஆனால் கிருமியின் மேற்பரப்புப் புரதங்களை அப்படியே சுமக்கும். நம் எதிர்ப்புச் சக்திக்கு அடையாளம் காட்ட அது போதுமே! நியூசிலாந்தில் பரவிய, மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் பி கிருமிக்கு எதிராக 2004இல் போடத் தொடங்கியது இந்தக் குமிழ் ஊசியைத்தான். அதில் எண்டோடாக்சினின் பெரும்பகுதியை டிடர்ஜென்ட் கொண்டு நீக்கியிருந்தார்கள்.