பிற்பாட்டுக்கு இடம் உண்டா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அம்மாவுடன் தெகிவளையில் வசிக்கிறேன். அவருக்கு 78 வயது. மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். சென்ற மாதம் பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டின் கூடத்தில் நடந்த இசையரங்குக்கு அவரை அழைத்துப் போனேன். கிராமியக் கலைஞர்களை மாதம் ஒருமுறை வரவழைத்து, 40 பேருக்கு மட்டும் டிக்கெட் கொடுத்து, ஒலிவாங்கி இல்லாமல் நடத்துகிறார்களே, அதுதான். நீங்கள் அதைப் புகழ்ந்து எழுதியிருந்ததை நம்பிப் போனோம்.

அன்று கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவரும் நான்கு பேரும், எங்கள் பக்கத்துக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியின் பாட்டுகளைப் படித்தார்கள். மூன்றாவது பாட்டில் அம்மாவும் சேர்ந்து படிக்கத் தொடங்கினார். மெதுவாகத்தான். முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். அம்மா நிறுத்திவிட்டார். வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மனிதர் மீது எனக்குப் பெரிய கோபம் இல்லை. கோயில் வெளியில் விடிய விடிய நடந்த ஒன்றைக் கொண்டுவந்து மெத்தைக் கதிரைகளுக்கு முன்னால் வைப்பதே பிழை என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அம்மா செய்தது பிழையா?

பெயரைப் போட வேண்டாம்.

—

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மா செய்தது பிழையே இல்லை. அன்று அந்தக் கூடத்தில் கூத்துப் பார்க்கும் முறை தெரிந்திருந்தவர் அவர் ஒருவராகவே இருக்கலாம்.

கூத்து ஆடுகிற வட்டக்களரியை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. நடுவில் அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்பார். பக்கத்தில் சல்லரி என்ற கைத்தாளம் போடுபவர், பிற்பாட்டுக்காரர். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவார்கள். சனம் நாலாபுறமும் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். ஆடுபவர் ஒரு வரியைப் படித்ததும் பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் படிப்பார்கள். அந்த இடைவெளியில்தான் ஆடுபவருக்கு மூச்சு வரும். பல வாரங்களாக ஊருக்குள் பழகி ஆடுகிற கூத்து என்பதால், அரங்கேற்ற இரவு வருவதற்குள் பாயில் இருப்பவர்களுக்கும் பாதிப் பாட்டு மனப்பாடமாகிவிடும். அவர்களும் வாய்க்குள் படிப்பார்கள். படிக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை, படிக்கக் கூடாது என்று தடுத்ததும் இல்லை. உங்கள் அம்மா செய்தது அதைத்தான்.

விரல் வைத்தவருக்காகவும் கொஞ்சம் பேச வேண்டும். அவர் லயனல் வென்ட் அரங்கிலோ வெள்ளவத்தையில் ஏதாவது சபாக் கச்சேரியிலோ பழகியவராக இருப்பார். அங்கே இருமல் வந்தால்கூடக் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொள்வது மரியாதை. கொழும்பில் இருக்கும் நாம் கூத்தைக் கற்றுக்கொண்டதும் அப்படியான ஓர் அரங்கிலிருந்துதான். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துக் கர்ணன் போர், இராவணேசன் போன்ற கூத்துகளைத் தயாரித்தபோது, விடிய விடிய ஆடியது ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. நாலாபுறமும் திறந்திருந்த களரி, ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற படச்சட்ட மேடையாயிற்று. அவர் அதைச் செய்திருக்காவிட்டால், படித்த தமிழர் கூத்தை நாட்டுப்புறத்தாரின் கூச்சல் என்று தள்ளிவைத்தே இருந்திருப்பார்கள். அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மேடையோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது: இருட்டில் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிற பார்வையாளர். பிற்பாட்டு மேடையில் நின்றுவிட்டது. பாய்க்கு இறங்கி வரவில்லை.

இந்தச் சிறு அரங்கு முறையும் வேறொரு இடத்தில் வேறொரு தேவைக்காகப் பிறந்தது. அமெரிக்கப் பொது வானொலியின் டைனி டெஸ்க் நிகழ்ச்சியை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்திருப்பார்கள். 2008இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகர இசை விழாவில், லாரா கிப்சன் என்ற பாடகி ஒரு மதுச்சாலையில் பாடியிருக்கிறார். கூட்டத்தின் இரைச்சலில் அவருடைய குரல் கேட்கவில்லை. அங்கிருந்த வானொலிக்காரர் இருவரில் ஒருவர், பேசாமல் நம்முடைய அலுவலகத்துக்கே வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்று பாடுங்கள் என்று வேடிக்கையாகச் சொன்னார். சில வாரங்களில் அவர் வந்து பாப் பாய்லன் என்பவரின் மேசையருகே பாடினார். அதுதான் தொடக்கம். அங்கே இரைச்சலிலிருந்து பாட்டைக் காப்பாற்றுவதற்காகச் சின்ன அறை வேண்டியிருந்தது. நாம் அந்த அறையை அதன் சட்டத்தோடு சேர்த்து இறக்குமதி செய்திருக்கிறோம். கூத்துப் பாட்டுக்கு யாரும் குடித்துவிட்டு இரைச்சல் போடவில்லை, சேர்ந்து படித்தார்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஆனால் வீட்டுக்குள் வைப்பதே பிழை என்று நீங்கள் எழுதியதை ஏற்க முடியவில்லை. அரங்கேற்றம் முடிந்தபின் கூத்தர் வீட்டுக்கு வீடு போய் ஆடுகிற வழக்கம் மட்டக்களப்பில் உண்டு. அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். உடுப்போடும் சதங்கையோடும் வளவுக்குள் வந்து ஆடிவிட்டு, வீட்டுக்காரர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு அடுத்த வளவுக்குப் போவார்கள். வீட்டு அரங்கு என்பதைக் கூத்துக்கு நாம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. வித்தியாசம் என்னவென்றால், அங்கே யாருடைய வளவுக்குள் நின்று ஆடுகிறார்களோ அவர் கூத்தரின் மச்சானாகவோ பெரியம்மாவாகவோ இருப்பார். பம்பலப்பிட்டிக் கூடத்தில் 40 பேரும் டிக்கெட் வாங்கியவர்கள்.

நான் புகழ்ந்து எழுதியது வேறொரு மாலையைப் பற்றி. அன்று கிழக்கிலிருந்து வந்த ஒருவர் கவி பாடினார். பக்கவாத்தியம் எதுவும் இல்லை. வயலில் தனியாக நிற்பவன் தூரத்தில் இருக்கும் ஒருத்திக்குச் சொல்வதுபோல இழுத்துப் பாடுகிற நாலு வரி. ஒலிவாங்கி இல்லாததால், வரியின் கடைசியில் குரல் உடைகிற இடம்கூட எனக்குக் கேட்டது. அங்கே யாராவது சேர்ந்து பாடியிருந்தால் நானே திரும்பி விரலை வைத்திருப்பேன். ஒப்பாரியும் தாலாட்டும் அப்படித்தான். அவை ஒருவருடைய குரல். நாட்டார் பாட்டு என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே ஒழுக்கத்தை வைப்பதில்தான் சிக்கல். ஆடவைக்கிற பைலாப் பாட்டுக்கு யாராவது உதட்டில் விரல் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? இந்த நகரத்தில் ஒரு கலியாண வீட்டில் சுராங்கனி தொடங்கினால் மணவறைப் பக்கத்தில் இருப்பவர்களின் காலும் சும்மா இராது.

இன்னொரு மாலையைப் பற்றி நான் எழுதவே இல்லை. எழுதியிருந்தால் நீங்கள் போயிருக்க மாட்டீர்களோ என்னவோ. மலையகத்திலிருந்து தப்பு என்ற பறையை அடிக்கிற கலைஞர்கள் வந்திருந்தார்கள். மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்துக்கு அடிக்கிற அடிகள். தப்பின் தோலைத் தீயில் காய்ச்சித்தான் சுருதிக்குக் கொண்டுவர வேண்டும். கூடத்தில் நெருப்பு மூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டதால், பின்வளவில் குப்பை வாளிக்குப் பக்கத்தில் பழைய பத்திரிகையையும் காய்ந்த தென்னோலையையும் எரித்தார்கள். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். இளைஞர் ஒருவர் தப்பைத் தீக்கு மேலே சாய்த்துச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். இடையிடையே நடுவிரலால் தோலைச் சுண்டி, காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார். மூன்றாவது முறைதான் தலையை ஆட்டினார். காலி வீதிக்கு அந்தப் பக்கம் கடல். ஈரக் காற்றில் இரண்டு அடி முடிவதற்குள் தோல் தொய்ந்துவிட்டது. மறுபடி பின்வளவு. 45 நிமிடத்துக்குப் போட்ட நிகழ்ச்சி நிரலில் நெருப்புக்கு நேரம் ஒதுக்கவில்லை. ஏற்பாட்டாளர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்க, கூடத்தில் இருந்தவர்கள் கைப்பேசியை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த மாலையில் மிஞ்சியது பின்வளவில் பார்த்த அந்தக் காட்சிதான். உள்ளே நான்கு சுவருக்குள் ஐந்து தப்பு ஒன்றாக அடித்தபோது காது அடைத்தது, அடி பிரிந்து கேட்கவில்லை. தப்பு வெளியில் அடிக்கிற வாத்தியம். அதை அறைக்குள் கொண்டுபோனது பிழை. இதில் மட்டும் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

அப்படியானால் கூத்துப் பாட்டு மாலையில் என்ன செய்திருக்கலாம்? எல்லோரும் கைதட்டுங்கள், சேர்ந்து பாடுங்கள் என்று ஏற்பாட்டாளர் எழுந்து உற்சாகப்படுத்துவது எனக்கு அறவே பிடிக்காது. அது பாடசாலைச் சுற்றுலா பஸ்ஸில் நடக்கிற காரியம். தெரிந்தவர்கள் படிக்கலாம் என்று தொடக்கத்தில் அண்ணாவியார் வாயாலேயே ஒரு வார்த்தை சொல்லவைத்திருந்தால் போதும். கதிரைகளை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போட்டிருக்கலாம். வட்டத்தில் முன்வரிசை இல்லை, திரும்பிப் பார்த்து விரல் வைக்க ஆளும் இல்லை. இதை ஏற்பாட்டாளரிடம் நானே சொல்கிறேன்.

அண்ணாவியார் என்ன செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை. ஒலிவாங்கி இல்லாத கூடத்தில் 40 பேருக்கு நடுவே ஒரு குரல் கூட வந்தால் அவருக்குக் கேட்காமல் இருக்காது. அடுத்த முறை அவர்கள் வரும்போது அம்மாவைப் பின்வரிசையில் இருத்தாதீர்கள். மத்தளக்காரரின் முகம் தெரிகிற இடத்தில் இருத்துங்கள்.

அம்மாவிடம் எனக்காக ஒன்று கேட்டுச் சொல்ல வேண்டும். அவர் சேர்ந்து படித்தது எந்தக் கூத்தில் யார் களரிக்கு வரும்போது படிக்கிற வரவுப் பாட்டு? அவருடைய இளமையில் பெண்கள் களரி ஏறியதில்லை, பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். அப்படியிருந்தும் இத்தனை வருடம் கழித்து வரி பிசகாமல் வந்திருக்கிறது. கூத்துப் பழகியது அவர்களுடைய வளவிலா, அல்லது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுப் பாடமாக்கினாரா?