முகப்பரு: கேளுங்கள், சொல்கிறேன்

கொழும்பில் மருந்தாளராக வேலை செய்கிறேன். முகப்பருவைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இது.

அக்கா, ஏ.எல். படிக்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து தரம் சவர்க்காரம் போட்டு முகம் கழுவியும் பரு குறையவில்லையே? (கொட்டாஞ்சேனை)

பருவுக்குக் காரணம் அழுக்கு இல்லை, தம்பி. இந்த வயதில் ஹோர்மோன் கூடும்போது தோலில் எண்ணெய்ச் சுரப்பும் கூடுகிறது. அந்த எண்ணெயும் இறந்த தோலும் சேர்ந்து மயிர்த்துளையை அடைத்துவிடும். உள்ளே கிருமி பெருகி வீங்கும். சவர்க்காரம் அவ்வளவு ஆழத்துக்குப் போகாது, மேல்தோலைத்தான் காயவைக்கும். காலையும் இரவும், நன்றாக வியர்த்த பிறகும் மென்மையான ஃபேஸ்வொஷ் போதும்.

2.5 வீத பென்சாயில் பெராக்சைட் இரண்டு கிழமையாகப் பூசுகிறேன். மாற்றம் இல்லை. 5 வீதத்துக்குப் போகவா? (தெமட்டகொடை)

வேண்டாம். 2.5 வீதமும் ஏறக்குறைய அதே பலனைத் தரும், எரிச்சலும் குறைவு. இன்று வெளியே தெரியும் பரு, பல கிழமைகளுக்கு முன்பே உள்ளே தொடங்கியது. ஆகவே 8 முதல் 12 கிழமை பொறுங்கள். பருவில் மட்டும் பொட்டு வைக்காமல், பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகப் பூசுங்கள். இது துணியை வெளிறவைக்கும், அதனால் வெள்ளைத் துவாய் பாவியுங்கள்.

சலூனில் கலந்து தந்த கிறீம் பூசினேன். ஒரு கிழமையில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் முன்பைவிட மோசமாகப் பரு வருகிறது. (வெள்ளவத்தை)

தங்கச்சி, இதை வாசிக்கும்போதே கவலையாக இருக்கிறது. இப்படிப் பெயரில்லாத டப்பாவில் வரும் கிறீம்களில் பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீரொயிட், அதாவது வீக்கத்தை அடக்கும் கடும் மருந்து, இருக்கலாம். முதலில் வீக்கமும் சிவப்பும் அடங்குவதால் குணமானதுபோலத் தெரியும். பிறகு தோல் மெலிந்து, சிறு இரத்தக் குழாய்கள் தெரிந்து, ஒரே மாதிரியான சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பும். நிறுத்தினால் எரியும், சிவக்கும், அதைத் தாங்காமல் மறுபடி அதையே பூசத் தோன்றும். சில வெண்மையாக்கும் கிறீம்களில் பாதரசமும் சேர்க்கிறார்கள், அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் போங்கள். எப்படி விடுவது என்று அவர் சொல்வார். தனியார் கட்டணம் கஷ்டமென்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் இலவசமாகப் பார்க்கலாம். காத்திருக்க வேண்டிவரும், ஆனாலும் போங்கள்.

சிநேகிதி மிச்சம் வைத்த ஐசோட்ரெட்டினோயின் குளிசையை நான் போடலாமா? (பம்பலப்பிட்டி)

கூடவே கூடாது. தழும்பு விழும் கடும் பருவுக்கு அது அருமையான மருந்துதான். ஆனால் கருவிலுள்ள பிள்ளைக்குப் பாரதூரமான குறைபாட்டை உண்டாக்கும். குடிக்கும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. ஈரல், கொழுப்பு இரத்தப் பரிசோதனையும் தேவை. வைத்தியர் எழுதித் தராமல் தொடாதீர்கள்.

26 வயதாகிறது. தாடையோரமாகப் பரு, மாதவிடாயும் ஒழுங்கில்லை. (மட்டக்குளி)

இரண்டையும் சேர்த்தே வைத்தியரிடம் சொல்லுங்கள். சூலகத்தில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கலாம். கிறீமோடு மட்டும் நிற்க வேண்டாம்.

சாப்பாடு டெலிவரி வேலை. ஹெல்மெட் பட்டி படும் இடமெல்லாம் பரு. (தெஹிவளை)

உரசலும் வியர்வையும்தான் காரணம். பட்டியையும் உள் பஞ்சையும் அடிக்கடி கழுவிக் காயவையுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்தால் நெற்றிக்கு வழியாமல் பாருங்கள்.

சொக்லேட்டை விடத்தான் வேண்டுமா? (மருதானை)

முழுக்க விடத் தேவையில்லை. சீனி, பணிஸ், இனிப்புப் பானம் அதிகமானால் சிலருக்குப் பரு கூடும். அவற்றைக் குறைத்துப் பாருங்கள்.

பரு போன இடத்தில் கறுப்பு நிற்கிறது. அம்மா தேசிக்காய் பூசச் சொல்கிறார். (வத்தளை)

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். தேசிக்காய்ச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் வெந்து இன்னும் கறுக்கும். நமது நிறத் தோலில் இந்தக் கறை மறைய மாதக்கணக்கில் எடுக்கும். பகலில் எண்ணெய்ப்பசையில்லாத சன்ஸ்கிறீன், இரவில் பருவுக்குப் பூசும் அடாபலீன் ஜெல், பட்டாணி அளவு. அடாபலீனைக் கர்ப்பிணிகள் பூசக் கூடாது. புதுப் பருவைக் கிள்ளவும் வேண்டாம், கிள்ளினால் கறையோடு குழியும் விழும்.