வாழ்நாள் கற்றலில் அரசின் கொள்கைக்கு என்ன பங்கு?

பள்ளி, கல்லூரியோடு நின்றுவிடாமல் எந்த வயதிலும் கற்பதுதான் வாழ்நாள் கற்றல். படிப்பவர் தனிமனிதர்; இதில் அரசுக்கு என்ன வேலை?

நாற்பது வயதில் படிக்க நினைப்பவரைத் தடுப்பது பெரும்பாலும் சோம்பல் அல்ல, நேரமும் பணமும்தான். முதலாளிக்கும் ஒரு தயக்கம்: செலவழித்துப் பயிற்சி கொடுத்த ஊழியர் நாளை வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால்? இருவரும் தயங்கி நிற்கும் இடத்தில்தான் கொள்கை தேவைப்படுகிறது.

பஸ் வசதியைப் போலத்தான் இதுவும். பஸ் ஓடினால் மட்டும் போதாது. டிக்கெட் கட்டுப்படியாக வேண்டும், நமக்கு ஏற்ற நேரத்துக்கு வரவும் வேண்டும்.

சிங்கப்பூர் டிக்கெட்டைக் கவனித்தது: 25 வயது நிரம்பிய குடிமக்களுக்கு 2016-இல் பயிற்சிக் கட்டணத்துக்கென 500 சிங்கப்பூர் டாலர் ஒதுக்கியது. சுவீடன் நேரத்தைக் கவனித்தது: அங்கே 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுதியுள்ள ஊழியர் படிக்க விடுப்புக் கேட்டால் முதலாளி சில மாதங்கள் தள்ளிப்போடலாம், அடியோடு மறுக்க முடியாது. (அந்த விடுப்புக்குச் சம்பளம் கிடையாது என்பது வேறு கதை.) என் கணிப்பில் நேரத்தைக் கவனிப்பதே கடினமான வேலை: பணம் ஒதுக்குவது எளிது, வேலை நேரத்தில் கைவைப்பது எளிதல்ல.

வாழ்நாள் கற்றல் என்றால் முதியோருக்கான எழுத்தறிவு வகுப்பு என்று பலர் நினைக்கிறார்கள்; அது ஒரு பகுதிதான், புதிய மென்பொருளைக் கற்க வேண்டியிருக்கும் கணக்காளரும் இதில் அடக்கம்.