வாசகர் கேள்வி – பதில்: காட்டு மண்ணும் கானில் ஓடும் மண்ணும்

கேள்வி: எங்கள் தோட்டத்தில் ஓடைக்கரையில் எஞ்சியிருக்கும் பழைய காட்டுத்துண்டை வெட்டி மரக்கறி போடப்போவதாகவும், பதிலுக்கு வேறோர் இடத்தில் கன்றுகள் நடப்போவதாகவும் சொல்கிறார்கள். நடும் மரம் வெட்டும் மரத்துக்கு ஈடாகாதா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: நம் காலத்தில் ஈடாகாது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி காபன். பல பத்தாண்டுகளாகக் காற்றிலிருந்து எடுத்துச் சேர்த்த அந்தக் காபன், மரம் விறகாகி எரியும்போது சில மணி நேரத்தில், புவியைச் சூடாக்கும் காபனீரொட்சைட்டாகக் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. இன்று நடும் கன்று அந்த அளவைச் சேர்க்க மீண்டும் அத்தனை ஆண்டுகள் வேண்டும்.

மரத்தைவிட அதன் அடியிலுள்ள மண்ணை நினைத்தே எனக்குக் கவலை அதிகம். உலகின் தாவரங்களிலும் வளிமண்டலத்திலும் உள்ள காபனைச் சேர்த்துக் கூட்டினாலும், மண்ணில் உள்ள காபன் அதைவிடக் கூடுதலானது. அந்த ஓடைக்கரையில் சருகை விலக்கி ஒரு பிடி மண் அள்ளிப் பாருங்கள். கறுத்து, ஈரமாக, பொலபொலவென்று, நூல் போன்ற வேர்கள் பின்னிக் கிடக்கும். அந்தக் கறுப்புதான் மக்கிய இலையும் வேரும், அதாவது சேமிக்கப்பட்ட காபன். சரிவைக் கொத்திப் புரட்டினால் காற்றுப் புகுந்து நுண்ணுயிர்கள் அந்த மக்கை வேகமாகச் சிதைக்கின்றன; மிஞ்சும் மேல்மண்ணோ அடுத்த பெருமழையில் செங்குழம்பாகத் தோட்டத்து வடிகாலான கானில் இறங்கிவிடும்.

இலங்கையில் கோப்பிக்காக மலைமலையாகக் காடழித்த காலத்தில், 1873ஆம் ஆண்டு, தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை விட்டுவைக்குமாறு அறிவுறுத்தினார். காபன் பற்றிய பேச்சே இல்லாத காலம் அது. சிவனொளிபாதமலைக் காடும் ஹோட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் காடும் 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன. உங்கள் ஓடைக்கரைத் துண்டுக்கு அப்படிப் பெயர் எதுவும் இல்லை, ஆனால் அதன் மண் செய்வதும் அதே வேலைதான். கன்றுகளை வெறுமையாகக் கிடக்கும் சரிவில் நடட்டும்; இந்தத் துண்டைத் தொட வேண்டாம் என்று நீங்கள் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் கிளைகளான மிலாறை அடுப்புக்கு எடுப்பதும் தவறா?
– வாசகர், ஹட்டன்

பதில்: விறகைத் தவிர வேறு வழியில்லாத லயத்துக் குடும்பத்திடம் அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனமில்லை. தடித்த கிளைகளை எடுத்துக்கொண்டு, இலைகளையும் மெல்லிய குச்சிகளையும் செடிகளுக்கிடையிலேயே பரப்பிவிடுங்கள். கவ்வாத்து வெட்டிய மலையில் நிழல் குறைந்து மழை நேராக மண்ணில் அடிக்கும் மாதங்களில் அதுவே மண்ணுக்குப் போர்வை. மக்கியபின் அதன் காபனில் ஒரு பங்கு மண்ணிலேயே தங்கும்.