பால் ஒத்துக்கொள்ளாத 53 வயதில் எலும்பைக் காப்பது எப்படி?

கேள்வி: எனக்கு 53 வயது. மாதவிடாய் நின்று இரண்டு வருடம். பால் குடித்தால் வயிறு ஊதி, வயிற்றோட்டம் போகிறது. போன மாதம் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அதிலிருந்து எனக்கும் பயம். அம்மாவுக்குக் கிளினிக்கில் தந்த கல்சியம் லக்ரேட் குளிசையில் காலையில் ஒன்று நானும் போடுகிறேன். வாரத்துக்கு ஒருநாள் ஆட்டெலும்பு சூப் வைக்கிறேன். இது போதுமா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: போதாது சகோதரி. முதலில் அந்தக் குளிசையைப் பார்ப்போம். வழக்கமாகக் கிடைப்பது 300 மில்லிகிராம் குளிசை. அது லக்ரேட் உப்பின் முழு நிறை. அதில் கல்சியம் 13 சதவீதம்தான், அதாவது 39 மில்லிகிராம். உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் வேண்டும். சூப்பிலும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். எலும்பில் இருக்கும் கல்சியம் கொதிநீரில் இலேசில் கரைந்து வராது. கோப்பைக்குள் வருவது மிகச் சொற்பம்.

மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு வருடங்களில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது. ஆகவே நீங்கள் இப்போது கேட்டது நல்ல நேரம்.

பால் ஒத்துக்கொள்ளாததற்குப் பெரும்பாலும் காரணம் அதிலுள்ள லக்டோஸ் என்ற சீனி. தயிர் உறையும்போது அதில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். அதனால் பாலுக்கு ஊதுகிற வயிறு, தயிருக்குப் பல வேளைகளில் பேசாமல் இருக்கும். சட்டியில் வரும் எருமைத் தயிரை நாளைக்கு இரண்டு மூன்று கரண்டியுடன் தொடங்கிப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் சிறு கிண்ணம் ஒன்றுக்கு, 150 கிராம் அளவுக்கு, கூட்டலாம். அதிலேயே ஏறக்குறைய 250 மில்லிகிராம் கிடைக்கும். ஒரு யோகட் கப்பில் 100 அளவில் வரும். சீனியும் பாணியும் மட்டும் அளவோடு.

எனக்கு இதைவிட நம்பிக்கை, முள்ளோடு தின்னும் மீனில். நெத்தலியைத் தலை கிள்ளிச் சமைத்தாலும் நடுமுள் உள்ளே போய்விடும். கல்சியம் இருப்பது அந்த முள்ளில்தான். ரின் மீனில் முள் மெத்தென்று வெந்திருக்கும். பிள்ளைகளுக்கென்று அதைப் பிரித்து எறியும் வீடுகளைப் பார்க்கும்போது மனம் வருந்தும். முள்ளோடு மசித்து வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய் சேர்த்துப் பிரட்டுங்கள். 100 கிராமில் 240 மில்லிகிராம் அளவில் உண்டு. நெத்தலிக் கருவாடு என்றால் வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தரம் கழுவி உப்பைப் போக்குங்கள். உடம்பில் உப்பு கூடினால் சிறுநீரோடு கல்சியமும் கூடவே வெளியேறும்.

குரக்கன் மா 50 கிராமில் பிட்டோ ரொட்டியோ செய்தால் 170 மில்லிகிராம் அளவில் வரும். ஆனால் தானியத்தில் இருக்கும் கல்சியம் முழுதாக உடம்பில் சேராது. எள்ளும் அப்படியே. தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் கல்சியம் பெரும்பகுதி போய்விடுவதால், வாங்கினால் தோலோடு வாங்குங்கள். கீரையிலும் இந்த வேறுபாடு உண்டு. ஸ்பினாச்சில் கல்சியம் நிறைய இருந்தும், அதிலுள்ள ஒக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் 5 சதவீதம்தான் சேரும். பாலிலிருந்து 30 சதவீதம் அளவில் சேர்கிறது. வல்லாரைச் சம்பலையும் முருங்கையிலை வறையையும் மற்றச் சத்துகளுக்காகத் தாராளமாகச் சாப்பிடுங்கள். கல்சியக் கணக்கை மீனிலும் தயிரிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போக விட்டமின் டி வேண்டும். கொழும்பில் வெயிலுக்கா குறை என்று கேட்பீர்கள். வெயில் இருக்கிறது, நாம்தான் அதில் நிற்பதில்லை. மாடி வீடு, மூடிய வாகனம், குளிரூட்டிய அலுவலகம் என்று நாள் போய்விடுகிறது. யன்னல் கண்ணாடியூடாக வரும் வெயிலில் இதற்குத் தேவையான கதிர் வராது. வெள்ளவத்தைக் கடற்கரையில் காலை ஆறு மணிக்கு நடப்பதும், மாலை காலிமுகத்திடலுக்குப் போவதும் எலும்புக்கு நல்ல பயிற்சி. ஆனால் அந்த நேரத்து வெயிலில் விட்டமின் டி அநேகமாக உருவாகாது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகும் நேரம்தான் கணக்கு. கொழும்பில் அது ஏறக்குறைய ஒன்பதரைக்குப் பிறகு. அப்போது கையும் காலும் வெளியே தெரிய, தோல் எரியாத அளவுக்குக் கொஞ்ச நேரம் மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போடுங்கள். கறுத்த தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும்.

புரதத்தையும் மறக்க வேண்டாம். எலும்பின் சட்டகமே புரதம்தான். இரவில் பாணும் சம்பலும் பிளேன் ரீயும் என்று முடித்துவிடாமல் ஒரு முட்டை, அவித்த கடலை அல்லது பயறு, பருப்புக் கறி ஏதாவது சேருங்கள்.

உணவிலிருந்து கிடைப்பது போதாவிட்டால் குளிசை சரி. ஆனால் அம்மாவுடையது வேண்டாம், வைத்தியரிடம் உங்களுக்கென்று கேளுங்கள். கல்சியம் காபனேற்று 1250 மில்லிகிராம் குளிசையில் கல்சியம் 500 இருக்கும். அதைச் சாப்பாட்டோடு போட வேண்டும். ஒரே தடவையில் 500க்கு மேல் போட்டால் உடம்பு எடுத்துக்கொள்ளும் வீதம் குறையும். இரும்புச் சத்துக் குளிசையுடன் சேர்த்துப் போடக்கூடாது. தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் நாலு மணித்தியாலம் இடைவெளி விடவேண்டும். சிறுநீரகக் கல் வந்தவராயின் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தாய்க்கு இடுப்பு முறிந்திருந்தால் மகளுக்கும் ஆபத்து கூடுதல். வைத்தியரிடம் இதைக் கட்டாயம் சொல்லி, எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அதற்கிடையில் இந்த வாரமே குளியலறையில் பிடித்து எழும்ப ஒரு கைப்பிடி பூட்டி, வழுக்காத விரிப்புப் போடுங்கள். அம்மாவுக்கும் உதவும், உங்களுக்கும் உதவும்.