தேய்ப்பதற்கு முன் துடையுங்கள்: பழைய மரச்சாமான்கள், பாத்திரங்கள் பற்றிய கேள்வி பதில்

மதுரையில் 26 ஆண்டுகளாகப் பழைய மரச்சாமான்களைப் பழுது பார்த்து வருகிறேன். அப்பா தச்சர். அவர் புதிதாகச் செய்தார், நான் அவர் காலத்துச் சாமான்களைப் பிழைக்க வைக்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கோவையிலிருந்து ஒருவர்: ஐயா, பழைய சாமான் கடையில் 4,500 ரூபாய்க்கு ஒரு தேக்கு எழுத்து மேசை வாங்கினேன். மேற்பலகை கறுத்துப்போய்க் கிடக்கிறது. மெஷின் வைத்துத் தேய்த்துப் புது மரம்போல ஆக்கிவிடலாமா?

வேண்டாம் தம்பி. அந்தக் கறுப்பு மரத்தில் இல்லை, மரத்தின் மேல் இருக்கிறது. எத்தனையோ வருட விளக்குப் புகை, கை எண்ணெய், தூசி எல்லாம் பழைய பாலிஷோடு சேர்ந்து இறுகிப்போன படலம் அது. மெஷினை வைத்தால் அழுக்கோடு மரத்தின் மேல்தோலும் போய்விடும். தேக்கு அந்தப் பழைய பொன்பழுப்பு நிறத்துக்கு வரப் பல வருடம் பிடிக்கிறது. அதை அரை மணி நேரத்தில் தூளாக்கிவிட்டு, பிறகு அதே நிறத்துக்குச் சாயம் தேடிக் கடை கடையாக அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் பழைய பருத்தித் துணியில் டர்பன்டைன் நனைத்துத் துடையுங்கள். துணி கறுக்கக் கறுக்க மாற்றிக்கொண்டே இருங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். அடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று கரைந்தால் அது அரக்குப் பாலிஷ், உங்களுக்கு அதிர்ஷ்டம். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சு. இரண்டுக்குமே அசையாவிட்டால் பிற்காலத்தில் யாரோ வார்னிஷ் அடித்திருக்கிறார்கள்.

அரக்குப் பாலிஷ் என்றால் உரிக்க வேண்டிய அவசியமே இல்லை. புதுப் பூச்சு பழைய பூச்சைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். அரக்குத் தகடு 100 கிராம், ஸ்பிரிட் அரை லிட்டர், ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி இரவு முழுவதும் ஊறவிடுங்கள். மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். பஞ்சைத் துணியில் முடிந்து, அதில் நனைத்து, மரத்தின் வரி ஓடும் திசையில் மெலிதாக ஓட்டவேண்டும். ஒரு கை கனமாகப் பூசுவதைவிடப் பத்துக் கை மெலிதாகப் பூசுவது நல்லது. மழை பெய்யும் நாளில் ஆரம்பிக்காதீர்கள். காற்றின் ஈரத்தைப் பிடித்துப் பூச்சு பால்போல் வெளுக்கும். கரைத்து வைத்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் பழசானால் சரியாகக் காயாது, ஒட்டிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், ஆகவே பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு சகோதரி: தாத்தாவின் நாற்காலி நான்கு காலும் ஆடுகிறது. எங்கள் ஊர்த் தச்சர் நான்கு ஆணி அடித்தால் சரியாகிவிடும் என்கிறார். அடிக்கலாமா?

ஆணி மட்டும் வேண்டாம் அம்மா. என் பட்டறைக்கு வரும் நாற்காலிகளில் காலத்தால் கெட்டவை குறைவு, ஆணியால் கெட்டவைதான் அதிகம். ஆடுகிற இணைப்பில் ஆணி அடித்தால் ஒரு மாதம் நிற்கும். பிறகு மரம் ஆணியைச் சுற்றி ஆட ஆரம்பித்து, துளைக்குள் செருகியிருக்கும் காலின் நுனி, அதாவது நாக்கு, பிளந்துவிடும். இரும்பும் துருவேறி மரத்தைக் கறுக்கவைக்கும்.

அந்தக் காலத்து நாற்காலிகளை வச்சிரம் வைத்து ஒட்டியிருப்பார்கள். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. சூடும் ஈரமும் பட்டால் அது இளகிவிடும். இது குறை என்று சிலர் சொல்வார்கள், நான் பெரிய வசதி என்று சொல்வேன். பிரிக்க முடிந்தால்தானே பழுது பார்க்க முடியும்? கொதிக்கும் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து இணைப்பைச் சுற்றிக் கட்டுங்கள். துணி ஆறியதும் மாற்றுங்கள். மூன்று நான்கு முறை மாற்றியதும் பசையிலிருந்து ஒரு விலங்கு வாடை எழும். அந்த வாடை வந்துவிட்டால் இணைப்பு இளகுகிறது என்று அர்த்தம். கட்டைக்கும் கொட்டாப்புளிக்கும் (மரச்சுத்தியல்) நடுவே துணி வைத்து மெல்லத் தட்டினால் கால் கழன்று வரும்.

போன மாதம் இப்படி ஒரு நாற்காலியைப் பிரித்தேன். நான்கு கால்களின் நாக்கிலும் உளியால் கீறிய கோடுகள்: ஒன்றில் ஒரு கோடு, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, நான்கு. சட்டத்தின் துளை ஓரத்திலும் அதே கணக்கு. எந்தக் கால் எந்தத் துளைக்கு என்று செய்தவர் வைத்த அடையாளம். எல்லாக் கால்களும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒவ்வொன்றையும் அதனதன் துளைக்கென்று தனியாக இழைத்திருக்கிறார். பிரிக்கும்போது நீங்களும் இந்தக் கோடுகளைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பென்சிலால் எண் போட்டுக்கொள்ளுங்கள். மாறிவிட்டால் நாற்காலி மறுபடி நேராக நிற்காது.

பழைய பசையை வெந்நீரால் கழுவிச் சுரண்டி எடுத்துவிடுங்கள். கடையில் விற்கும் வெள்ளைப் பசை பழைய வச்சிரத்தின் மேல் பிடிக்காது. நாக்கு தேய்ந்து தளர்ந்திருந்தால் மெல்லிய தேக்குச் சீவலை அதன் கன்னத்தில் ஒட்டித் தடிமனாக்கி, காய்ந்ததும் இழைத்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். புதிதாக ஒட்ட நான் இன்றும் வச்சிரம்தான் வைக்கிறேன். ஒரு பாத்திரத்தில் வெந்நீர், அதற்குள் பசைக் கிண்ணம், இப்படித்தான் இளக்க வேண்டும். நேரடியாக அடுப்பில் கொதிக்கவிட்டால் அதன் பிடி போய்விடும். ஒட்டியதும் இறுக்க இரும்புப் பிடி வேண்டியதில்லை. நான்கு கால்களையும் சுற்றிப் பருத்திக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். கயிறு நாற்காலியை நான்கு பக்கமும் உள்ளே இழுக்கும். சமதரையில் வைத்து ஆடவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு நாள் முழுவதும் தொடாமல் விடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: கட்டிலுக்கு அடியில் தினமும் மாவுபோல் தூள் உதிர்ந்து கிடக்கிறது. கரையானா?

மண்ணிலிருந்து ஏறும் கரையான் தூள் உதிர்க்காது, மண்பாதை கட்டும். மரத்துக்குள்ளேயே வாழும் கரையான் உதிர்ப்பதும் மாவுபோல் இருக்காது, மணல்போல் குருணையாக இருக்கும். காலின் மேல் மண்கோடு ஏறியிருந்தால் அது கரையான். அதற்கு மருந்து கட்டிலுக்கு அல்ல, தரைக்கும் சுவருக்கும் போடவேண்டும். நீங்கள் சொல்வது உளுக்கும் வண்டின் வேலை. குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் தெரிகிறதா என்று பாருங்கள். அந்த ஓட்டை வண்டு வெளியே போன வழி. தின்ற புழு ஒரு வருடத்துக்கு மேல்கூட உள்ளேயே இருந்திருக்கும்.

வைரம் பாய்ந்த தேக்கை இந்த வண்டு பெரும்பாலும் தொடாது. வெளிறு என்று சொல்கிறோமே, மரத்தின் ஓரத்து வெளுத்த பகுதி, அதைத்தான் தேடித் தின்னும். ஆகவே ஒரு சட்டம் உளுத்தால் கட்டில் முழுவதையும் தூக்கி எறியாதீர்கள். வெங்காரம் (போராக்ஸ்) 60 கிராம், போரிக் அமிலம் 40 கிராம், இரண்டையும் 2 லிட்டர் வெந்நீரில் கரைத்து, பாலிஷ் இல்லாத அடிப்பக்கத்திலும் ஓட்டைகளிலும் ஊசியால் ஏற்றுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வரவேண்டாம். ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை. பிறகு ஓட்டைகளை மெழுகால் அடைத்துவிடுங்கள். புது ஓட்டை விழுந்தால் அப்போதுதான் கண்ணில் படும். இந்த மருந்து தண்ணீரில் கரைந்து போய்விடும், எனவே மழை படும் இடத்துச் சாமானுக்கு உதவாது.

திருச்சியிலிருந்து ஒரு அம்மா: பிரம்பு நாற்காலி உட்காருமிடத்தில் தொய்ந்து குழி விழுந்திருக்கிறது. பிளாஸ்டிக் ஒயரில் மாற்றிவிடலாமா?

இழை அறுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள் அம்மா. அறாமல் தொய்வு மட்டும் என்றால் செலவே இல்லை. நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரில் நனைத்த துணியைப் பின்னலின் அடிப்பக்கத்தில் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். ஈரம் அடிப்பக்கத்தில்தான் நன்றாக ஏறும், மேற்பக்கம் பிரம்பின் வழவழப்பான தோல். பிறகு யாரும் உட்காராமல் இரவு முழுவதும் நிழலில் காயவிடுங்கள். காலையில் விரலால் சுண்டினால் தப்பட்டைபோல் ஒலிக்கும்.

அறுந்திருந்தால் பின்னுபவரைத் தேடுங்கள். பார்வையற்றவர்கள் பலர் இந்த வேலையை விரல் நுனியிலேயே கணக்கு வைத்து அழகாகச் செய்கிறார்கள். நெடுக்கு, குறுக்கு, பிறகு மூலைவிட்டமாக இரண்டு திசை என்று இழை மாறி மாறிப் போகும் பின்னல் அது. ஒயரும் உழைக்கும்தான். ஆனால் வியர்வையில் முதுகோடு ஒட்டும், நம் ஊர் வெயிலுக்குப் பிரம்புதான் சுகம்.

சேலத்திலிருந்து ஒருவர்: அட்டைப் பலகை அலமாரி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அடிப்பாகம் ஊறி உப்பியிருக்கிறது. சரி செய்யலாமா?

முடியாது. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை ஒருமுறை உப்பினால் பழைய நிலைக்கு வராது. பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு சகோதரி: பழைய பித்தளைப் பானையும் ஈயச் சொம்பும் எடைக்கு வாங்கினேன். சமைக்கலாமா?

பானையை முதலில் புளி போட்டுத் தேய்த்து உள்ளே பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் ஈயம் பூசாமல் சமைக்கக்கூடாது. புளியும் தக்காளியும் பித்தளையில் பட்டால் களிம்பேறி உணவே கெடும். ஈயம் பூசுபவர் பானையைச் சூடாக்கி, நவச்சாரம் போட்டு, உருகிய ஈயத்தைப் பஞ்சால் ஒரே வீச்சில் உள்ளே பரப்புவார். அவர் பூசுவது வெள்ளீயமாக (டின்) மட்டும் இருக்கவேண்டும். கேட்டு வாங்குங்கள், அதில் கூச்சப்படாதீர்கள்.

ஈயச் சொம்பில்தான் எனக்குப் பயம். ரசம் வைக்கும் சொம்பு சுத்தமான வெள்ளீயத்தில் வார்க்கப்படவேண்டியது. காரீயம் (லெட்) கலந்திருந்தால் அது விஷம், குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். வெள்ளைக் காகிதத்தில் உரசிப் பாருங்கள். கறுப்பாகக் கோடு விழுந்தால் அந்தச் சொம்பு வேண்டாம். அளவுக்கு மீறிக் கனத்தாலும் வேண்டாம், காரீயம் வெள்ளீயத்தைவிட ஒன்றரை மடங்கு கனம். கோடு விழவில்லை என்பதற்காக நல்லது என்றும் முடிவு கட்டாதீர்கள். உலோகப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து உறுதிசெய்யாதவரை அது அலமாரியில் இருக்கட்டும். நல்ல சொம்பே ஆனாலும் வெறுமனே அடுப்பில் வைக்காதீர்கள், வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: என் மகளுக்காக, நாங்கள் எல்லோரும் படுத்து வளர்ந்த மரத்தொட்டிலை எடுத்திருக்கிறேன். பச்சைப் பெயின்ட் உரிகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுப் பெயின்ட் அடிக்கலாம் அல்லவா?

தம்பி, தயவுசெய்து தேய்க்காதீர்கள். பழைய பெயின்டில் காரீயம் இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். வீட்டுப் பெயின்டில் காரீயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகவிடாத விதி இந்தியாவில் 2016இல்தான் வந்தது, 2017 நவம்பரில்தான் நடைமுறையானது. உலர வைத்துத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுவதும் படியும், தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குப் போகும். பெயின்ட் நீக்கும் பசையைப் பூசி, ஈரமாகவே சுரண்டி எடுக்கத் தெரிந்தவரிடம், வீட்டுக்கு வெளியே செய்யக் கொடுங்கள். சிறு மிச்சம்கூட இருக்கக்கூடாது. அது முடியாவிட்டால் தொட்டிலை ஒரு ஓரமாக வைத்துப் பாருங்கள், குழந்தையைப் படுக்கவைக்காதீர்கள்.

சிவகங்கையிலிருந்து ஒருவர்: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் வாங்கும்போது, உண்மையிலேயே பழசா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முகப்பைப் பார்க்காதீர்கள், இழுப்பறையை வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பலகையில் இழைப்புளியின் அலைகள் கைக்குத் தட்டுப்படவேண்டும். மூலையில் பலகைகள் கோத்த பற்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால் கையால் அறுத்தது, அச்சடித்ததுபோல் சமமாக இருந்தால் மெஷின் வேலை. தேய்மானம் கை படும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடியைச் சுற்றியும், நாற்காலிக் கையின் நுனியிலும் வழவழவென்று இருக்கும். எல்லா இடத்திலும் ஒரேபோல் தேய்ந்திருந்தால் யாரோ ஒரே மாலையில் தேய்த்திருக்கிறார்கள்.

பர்மாவில் வணிகம் செய்த நகரத்தார் கொண்டுவந்த தேக்கு அந்தக் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. பழைய கதவுப் பலகையை அறுத்துச் செய்த மேசைகளும் நிறைய இருக்கின்றன. அவையும் நல்ல மரம்தான், கதவின் விலைக்கு வாங்குங்கள், பழைய மேசையின் விலைக்கு அல்ல.

சென்னையிலிருந்து ஒரு அம்மா: என் பாட்டியின் மரப்பெட்டிக்கு 110 வயது இருக்கும். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அனுப்பச் சொல்கிறான்.

பொறுங்கள் அம்மா. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. நூறுக்குக் குறைவு என்று நினைக்கும் பெட்டியாக இருந்தாலும், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிய பிறகு அனுப்புவதே பாதுகாப்பு. பெட்டி இங்கேயே இருக்கட்டும், மகன் வந்து திறக்கட்டும்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு சகோதரி: அம்மாவின் தேக்குப் பீரோவின் உள்கதவில் நாங்கள் ஐந்து பேரும் வளர்ந்த உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறார்கள். பாலிஷ்காரர் உள்பக்கமும் இழைத்தால்தான் நன்றாக இருக்கும் என்கிறார்.

வெளிப்பக்கத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. உள்கதவை நீங்களே செய்துவிடலாம். அது பென்சில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், பேனா மை என்றால் ஸ்பிரிட் பட்டதும் ஓடிவிடும். பென்சில் கரையாது, ஆனால் தேய்த்தால் பரவும். அதனால் அந்தப் பகுதியில் துணியால் துடைக்க வேண்டாம், தூசியை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் போதும். நான் முதலில் சொன்ன அரக்கு நீரில் இன்னொரு பங்கு ஸ்பிரிட் சேர்த்து நீர்க்கவைத்து, அகலத் தூரிகையால் மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். ஓட்டிய இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அதற்குப் பிறகு கோடுகள் அரக்குக்கு அடியில் இருக்கும், கை பட்டாலும் அழியாது.